இருந்ததால்தான் பறித்தார்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘தி வாம்பயர் டைரீஸ்’ தொடரின் நாயகி எலெனா கில்பர்ட்டை வழிநடத்தியவை துயரமும் குற்றவுணர்வுமா, அவளுடைய சொந்த விருப்பமா என்பது இன்று நமக்குத் தரப்பட்டிருக்கும் கேள்வி. சொந்த விருப்பமே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், “எலெனா ஒரு முடிவும் எடுக்கவில்லை, தனக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனையைத் தவணை முறையில் அனுபவித்தாள்” என்றார். நல்ல வரி. அவை கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் கைதட்டி முடித்தபின் அந்த வரியைக் கதையோடு ஒட்டிப் பார்த்தேன். பல இடங்களில் ஒட்டவில்லை.

தொடரைப் பார்க்காதவர்களும் இங்கே இருக்கலாம். அமெரிக்காவின் சிடபிள்யூ தொலைக்காட்சியில் 2009 செப்டம்பரில் தொடங்கி 2017 மார்ச்சில் முடிந்த தொடர் இது; 8 சீசன்கள், 171 பகுதிகள். வர்ஜீனியா மாநிலத்தில் மிஸ்டிக் ஃபால்ஸ் என்றொரு கற்பனைச் சிற்றூர். அங்கே பள்ளியில் படிக்கும் எலெனாவின் வேடத்தில் நடித்தவர் நீனா டோப்ரெவ். கதை தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, விக்கரி பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழுந்து எலெனாவின் பெற்றோர் இறந்திருக்கிறார்கள். காரில் உடன் இருந்த அவள் மட்டும் பிழைத்திருக்கிறாள். தம்பி ஜெரமியையும் அவளையும் சித்தி ஜென்னா பார்த்துக்கொள்கிறார். அந்த ஊருக்கு ஸ்டெஃபன், டேமன் என்ற சால்வடோர் சகோதரர்கள் வந்து சேர்கிறார்கள். இருவரும் இரத்தக் காட்டேரிகள். மற்றதெல்லாம் அதிலிருந்து விளைந்தது.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். துயரம் இருந்தது, குற்றவுணர்வும் இருந்தது. அன்றிரவு குடும்பத்தோடு இருக்க வேண்டியவள் ஒரு விருந்துக்குப் போனாள், அங்கே அப்போதைய காதலன் மேட்டுடன் மனத்தாங்கல் ஏற்பட்டது, வந்து அழைத்துப் போங்கள் என்று வீட்டுக்குத் தொலைபேசினாள், அழைக்க வந்தவர்கள் அவளோடு திரும்பும் வழியில் ஆற்றுக்குள் போனார்கள். அந்த ஓர் அழைப்பை அவள் வாழ்நாள் முழுவதும் மனத்தில் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்திருப்பாள். முதல் பகுதியிலேயே, இன்று சிரிக்கப் போகிறேன், நான் நலமாக இருக்கிறேன் என்று சொல்லப் போகிறேன், எல்லாரும் அதை நம்பிவிடுவார்கள் என்று நாட்குறிப்பில் எழுதுகிறாள். பிறகு பெற்றோரின் கல்லறைக்குப் போய் உட்கார்ந்து எழுதுகிறாள். இழவு வீட்டின் ஈரம் காயாத பெண் அவள் என்பதில் நமக்குள் வழக்கே இல்லை.

வழக்கு எங்கே என்றால், வலி உள்ளவள் செய்யும் செயலெல்லாம் வலியின் செயலாகிவிடுமா என்பதில்தான். பசித்தவன் சோற்றைப் பக்கத்தில் இருப்பவனோடு பகிர்ந்து உண்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பசிதான் பகிர்ந்தது என்று யாரும் சொல்வதில்லையே. எலெனா விஷயத்தில் மட்டும் அவள் கையை உயர்த்தினாலும் இறக்கினாலும் எதிரணியினர் அந்தப் பாலத்தையே காட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் விளக்கம் எதையும் விளக்குவதில்லை என்பதால், நான் ஓர் எளிய உரைகல்லை வைத்துக்கொள்கிறேன்: செய்யும்போது அதன் விலை அவளுக்குத் தெரிந்திருந்ததா, வேறு வழி அவள் கண்ணெதிரே இருந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது அவள் எடுத்த முடிவு. அப்போது அவள் மனம் வலித்ததா இல்லையா என்பது வேறு கேள்வி.

இரண்டாம் சீசனின் ஏரிக்கரை வீட்டுக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தொடரின் முதல் காட்டேரிக் குடும்பத்தைச் சேர்ந்த எலைஜா, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வாழ்ந்தவன். அவனுடைய அண்ணனோ தம்பியோ என்று குழம்ப வேண்டாம், சகோதரன் க்ளௌஸ் தன் சாபத்தை நீக்கும் சடங்கில் எலெனாவைப் பலியிடக் காத்திருக்கிறான். நீ ஒதுங்கி அமைதியாக இரு, உன்னைச் சேர்ந்தவர்களை நான் காப்பாற்றுகிறேன் என்று எலைஜா அவளோடு ஓர் ஒப்பந்தம் செய்திருந்தான். அந்த ஒப்பந்தத்தில் அவளுடைய உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது.

எலைஜா வாசலுக்கு வெளியே நிற்கிறான். அழைக்காத வீட்டுக்குள் காட்டேரி நுழைய முடியாது என்பது அந்தக் கதையுலகின் விதி. எலெனா நிலைப்படிக்கு உள்ளே நிற்கிறாள். பழைய ஒப்பந்தம் செல்லாது, எல்லாம் முடிந்தபின் நான் உயிரோடு இருப்பேன் என்று வாக்குக் கொடு என்று கேட்கிறாள். நான் பேரம் பேசுவதில்லை என்கிறான் அவன். அப்படியானால் கேத்தரின் செய்ததை நானும் செய்வேன் என்கிறாள். கேத்தரின் என்பவள் எலெனாவின் அதே முகத்தோடு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவள். இதே பலியிலிருந்து தப்பத் தன்னையே மாய்த்துக் காட்டேரியானவள். காட்டேரியாகிவிட்ட உடல் சடங்குக்குப் பயன்படாது. எலைஜா நம்பவில்லை. அவள் கையிலிருந்த கத்தியைத் தன் வயிற்றிலேயே இறக்கிக்கொள்கிறாள்.

இதுவரை பார்த்துவிட்டு, பாருங்கள், தன்னை அழித்துக்கொள்ளும் குற்றவுணர்வு என்று எதிரணியினர் சொல்லலாம். தயவுசெய்து அடுத்த அரை நிமிடத்தையும் பாருங்கள். என்னைக் குணப்படுத்த விடு என்று அவன் பதறும்போது, முதலில் வாக்குக் கொடு என்கிறாள். வாக்கு வந்தபின் நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்து அவன் கைகளில் சாய்கிறாள். சாய்ந்த அதே நொடியில், அவனை வீழ்த்தவல்ல ஆயுதமாக மறைத்து வைத்திருந்த வேறொரு குறுவாளை அவன் நெஞ்சில் பாய்ச்சுகிறாள். இதைச் செய்தவள் சாக விரும்பியவளா? தன் உயிரைத் தவிரக் கையில் பணயப் பொருள் ஏதும் இல்லாத ஒருத்தி, அந்த ஒன்றையே மேசையில் வைத்து ஆயிரம் ஆண்டுப் பேரக்காரனை ஏமாற்றிய காட்சி அது. துயரத்தால் புத்தி கலங்கியவளுக்கு இந்தக் கணக்கு வராது.

கணக்கு அத்தோடு நிற்கவும் இல்லை. சில பகுதிகள் கழித்து, க்ளௌஸை அழிக்க வேண்டுமானால் தன் தோழி பானி உயிரை விட வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும், எலெனா சால்வடோர் வீட்டின் நிலவறைக்குப் போய் எலைஜாவின் நெஞ்சிலிருந்து அந்தக் குறுவாளைத் தானே பிடுங்குகிறாள். யாரைக் குத்தினாளோ அவனையே எழுப்பி, அவன் வாக்கை நம்புகிறாள். காதலனும் காதலனின் அண்ணனும் சொன்ன யோசனை அல்ல அது. புதிய செய்தி வந்ததும் பழைய முடிவை மாற்றிக்கொள்ளும் ஒருத்தியைத்தான் அங்கே பார்க்கிறோம். குற்றவுணர்வுக்கு ஒரே பாட்டுத்தான் தெரியும்; அது முடிவை மாற்றுவதில்லை.

அடுத்ததாக, என் தரப்பின் முதுகெலும்பாக நான் கருதும் சான்றுக்கு வருகிறேன். எலெனாவுக்கு விருப்பமே இல்லை என்று எதிரணி சொல்கிறது. அப்படியானால் இந்தத் தொடரில் பாதிப் பேர் எதைத் திருடிக்கொண்டிருந்தார்கள்? இல்லாத பொருளை யாரும் களவாட முடியாதே.

காட்டேரிகள் கண்ணோடு கண் பார்த்து ஒருவர் மனத்தைப் பணிய வைப்பார்கள், நினைவை அழிப்பார்கள். அதைத் தடுக்க வெர்வெயின் என்ற மூலிகை அடைத்த ஒரு கழுத்துச் சங்கிலியை ஸ்டெஃபன் அவளுக்குக் கொடுக்கிறான். கொடுக்கும்போது அது எதற்கு என்று சொல்லவில்லை. (அவளுடைய மனச்சுதந்திரத்தைக் காக்கும் பொருளைக்கூட அவளிடம் சொல்லாமல்தான் கட்டிவிடுகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.) டேமன் ஓரிரவு தன் காதலைச் சொல்லிவிட்டு, சொன்னதை அவள் நினைவிலிருந்து அழித்துவிட்டுத்தான் அந்தச் சங்கிலியைத் திருப்பிக் கட்டுகிறான். கேட்டுவிட்டு என்ன பதில் சொல்வாள் என்ற அச்சம் இல்லாதவன் அழிப்பானா?

பலிச் சடங்குக்கான நாள் நெருங்குகிறது. பலியானபின் தன்னை மனுஷியாகவே மீட்க எலைஜாவிடம் ஒரு மருந்து இருக்கிறது என்பதை நம்பி, அதன் ஆபத்தையும் அறிந்து, எலெனா சம்மதித்திருக்கிறாள். டேமனுக்கு அந்த மருந்தில் நம்பிக்கை இல்லை. தன் மணிக்கட்டைக் கடித்து, திமிறத் திமிற அவள் வாயில் தன் இரத்தத்தைப் புகட்டிவிடுகிறான். இனி அவள் செத்தால் காட்டேரியாகவே எழுவாள்.

அன்று பகலில் ஸ்டெஃபன் அவளை ஓர் அருவிக்குக் கூட்டிப் போகிறான். ஏறும் வழியெல்லாம் வேறு ஏதேதோ பேசிக்கொண்டு வருபவள், உச்சிக்குப் போனபின் உடைகிறாள். தான் இப்படி ஆக விரும்பவில்லை என்கிறாள். நான் வளர வேண்டும், குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று ஒரு நாள் யோசிக்க வேண்டும், குடும்பம், முதுமை என்று ஒரு வாழ்நாள் முழுக்கத் தேர்ந்தெடுக்க வேண்டியவை எனக்கென்று இருந்தன, எல்லாம் போய்விட்டன என்பதுதான் அவள் அழுகையின் சாரம். எதிரணியினர் துயரத்தைத் தேடுகிறார்கள் அல்லவா? இதோ, தொடரிலேயே மிக ஆழமான துயரம் இங்கே இருக்கிறது. எதற்காக அழுகிறாள் என்று மட்டும் கவனியுங்கள். இறந்துபோன பெற்றோரை அவள் அங்கே குறிப்பிடவில்லை. இனி எடுக்க முடியாமல் போகும் முடிவுகளுக்காக அழுகிறாள். சுயவிருப்பத்தைத் துயரம் விழுங்கிவிட்டது என்ற எதிரணியின் படம் அங்கே தலைகீழாகிவிடுகிறது.

கடைசியில், சித்தப்பாவாக அவள் அறிந்திருந்த ஜான் கில்பர்ட் தன் உயிரைக் கொடுத்ததால் அவள் மனுஷியாகவே மீண்டாள். அடுத்த சீசனில் அதுவும் நிலைக்கவில்லை. தலைக்குள் கசிந்த இரத்தத்தை நிறுத்த மருத்துவர் மெரெடித், யாரையும் கேட்காமல் காட்டேரி இரத்தத்தைக் கொடுத்து வைத்திருந்தார். அதன் பலன் விக்கரி பாலத்தில் தெரிந்தது. அங்கே கடைசியில் வருகிறேன்.

எதிரணித் தலைவர் எழுப்பியவற்றில் எனக்கு உண்மையிலேயே இடைஞ்சலாக இருப்பது ஜெரமியின் நினைவு அழிக்கப்பட்ட நிகழ்ச்சி. அதை ஒதுக்கிவிட்டுப் போனால் என் வாதம் நேர்மையற்றதாகிவிடும். முதல் சீசனில் ஜெரமி காதலித்த விக்கி, காட்டேரியாகி, அவன் கண்ணெதிரிலேயே இறக்கிறாள். தம்பி உடைந்து கிடப்பதைப் பார்த்த எலெனா, அவனை மறக்க வைக்க முடியுமா என்று ஸ்டெஃபனிடம் கேட்கிறாள். ஸ்டெஃபனால் அதை உறுதியாகச் செய்ய முடியாது. உனக்கு அதுதான் வேண்டுமென்றால் நான் செய்கிறேன் என்கிறான் டேமன். அதுதான் வேண்டும் என்கிறாள்.

இது தவறு. சாக்குச் சொல்ல மாட்டேன். தம்பியின் துயரம் அவளுடைய சொத்து அல்ல. அதை எடுத்து எறிய அவளுக்கு உரிமை இல்லை. பின்னாளில் ஜெரமி அவளுடைய நாட்குறிப்பைப் படித்து அதைத் தெரிந்துகொண்டு கொதித்தபோது, அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. தன் மனத்தைத் தான் மட்டும் அறிய எழுதிவந்த அந்த நோட்டே அவளைக் காட்டிக் கொடுத்தது என்பதைக் கதை எழுதியவர்கள் தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் தவறான முடிவும் முடிவுதானே, நடுவர் அவர்களே? நம் தலைப்பு, எலெனா நல்லவளா என்பது அல்ல. இன்னொன்று: டேமன் உள்ளே ஜெரமியோடு இருக்கும்போது வீட்டு முகப்பில் அவளும் ஸ்டெஃபனும் நிற்கிறார்கள். எனக்கும் எல்லாவற்றையும் மறந்துவிடத் தோன்றுகிறது, உன்னைச் சந்தித்ததையும் நீ யார் என்று அறிந்ததையும் கூட, ஆனால் உன்மேல் நான் கொண்ட உணர்வை இழக்க எனக்கு மனமில்லை என்று அவனிடம் சொல்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் அதே வித்தை தயாராக இருக்கிறது. கேட்டால் போதும், வலி போய்விடும். அவள் கேட்கவில்லை. குற்றவுணர்வு உந்தும் பொறியாக அவள் இருந்திருந்தால் அந்த இரவில் முதல் வரிசையில் நின்று தன் நினைவை ஒப்படைத்திருப்பாள். தம்பிக்குக் கொடுத்ததைத் தனக்கு மறுத்தாள். அதில் அநீதியும் இருக்கிறது, தேர்வும் இருக்கிறது.

ஆறாம் சீசனில் அவள் அதற்கு மாறாகச் செய்தாள் என்று எதிரணியினர் இப்போதே தாளில் குறித்துக்கொள்வது தெரிகிறது. உண்மைதான். டேமன் இறந்துவிட்டான் என்று நம்பியபோது, அவன்மேல் கொண்ட காதலின் நினைவை அழிக்கும்படி, காட்டேரியாகிவிட்ட ஆசிரியர் அலரிக்கிடம் அவளே கேட்டாள். துயரம் தாங்காமல் கேட்டாள் என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும் யாரும் அவள் வாயில் எதையும் புகட்டவில்லை. தன் நினைவைத் தானே எடுத்துப் போட்டாள்; தம்பியிடம் செய்த பிழையை ஒருவகையில் தன்மீதே செய்துகொண்டாள். இதற்குமேல் அங்கே நிற்க விரும்பவில்லை. அந்தச் சீசனைப் பற்றி நான் தனியே ஒரு மணி நேரம் புலம்புவேன், அதற்கு நடுவர் இடம் தர மாட்டார்.

எலெனா காட்டேரியாகிவிட்ட நான்காம் சீசனில் எதிரணிக்கு இரண்டு வலுவான காட்சிகள் இருக்கின்றன. முதலாவது, அவள் கானர் என்ற வேட்டைக்காரனைக் கொன்றபின் நடப்பது. அத்தகைய வேட்டைக்காரர்களைக் கொல்பவர்கள்மீது ஒரு சாபம் இறங்கும். இல்லாத உருவங்கள் தோன்றி, நீ வாழத் தகுதியற்றவள் என்று ஓயாமல் காதில் சொல்லும். எலெனாவுக்குக் கானர் தோன்றுகிறான், கேத்தரின் தோன்றுகிறாள், இறந்த தாயும் தோன்றுகிறாள். கடைசியில் விடியற்காலையில், சூரிய ஒளியிலிருந்து தன்னைக் காக்கும் மோதிரத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாலத்தில் நிற்கிறாள். குற்றவுணர்வு ஒருத்தியை ஆட்டிப்படைப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டார்கள்.

எனக்கும் இதைவிட நல்ல சான்று கிடைக்காது. குற்றவுணர்வு அவளை ஆள வேண்டுமென்றால் கதைக்கு ஒரு சாபமே தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள். அவளுடைய சொந்த நெஞ்சுறுத்தல் அத்தனை நாளும் அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தவில்லை. வெளியிலிருந்து ஒன்று வந்து, தாயின் முகத்தைக் கடன் வாங்கி, அவள் அறிவை மூடவேண்டியிருந்தது. ஜெரமி சாபத்தை முறித்த கணத்தில் அந்தக் குரல்கள் மறைகின்றன. டேமன் அவளை இழுத்துக்கொண்டு ஆற்றில் குதிக்கிறான். அவள் மறுபடி அந்தப் பாலத்தில் அப்படிப் போய் நிற்கவில்லை. கொன்ற குற்றத்தைச் சுமந்துகொண்டேதான் பிறகும் வாழ்ந்தாள். குற்றவுணர்வை உணர்வது வேறு, அதற்கு அடிமையாவது வேறு என்று இதைவிடத் தெளிவாக ஒரு கதை காட்ட முடியாது.

இரண்டாவது, வீட்டைக் கொளுத்தியது. ஜெரமி இறந்துவிட்டான். முதலில் அவள் நம்பவே மறுக்கிறாள். செத்தவனை எழுப்பும் மோதிரம் விரலில் இருக்கிறது, எழுந்துவிடுவான் என்று பக்கத்திலேயே காத்திருக்கிறாள். பிறகு நாற்றம் எட்டியதும் எல்லாம் இடிந்துவிழுகிறது. இந்த வீட்டின் மூலை முடுக்கெல்லாம் செத்தவர்கள், இங்கே எனக்கு இனி ஒன்றுமில்லை என்று கத்திக்கொண்டே எரிபொருளைத் தெளிக்கிறாள். அந்த நிலையில் டேமன் அவளிடம் உணர்வுகளை அணைத்துவிடச் சொல்கிறான். காட்டேரிகளுக்கு விளக்கின் சுவிட்சைப் போல அது முடியும். அப்போது அவள், தன்னைக் காட்டேரியாக்கிய இரத்தத்துக்குரியவனான டேமனின் சொல்லைத் தட்ட முடியாத பிணைப்பில் இருக்கிறாள். அணைக்கிறாள். முகம் கல்லாகிறது. தீக்குச்சியைக் கீழே போடுகிறாள்.

இந்த இடத்தை நான் எதிரணிக்கே விட்டுக்கொடுக்கிறேன், பாதி அளவுக்கு. அணைத்தது அவள் முடிவு அல்ல, ஏவல். ஆனால் ஏவியது துயரமா? இல்லையே, டேமன் ஏவினான். தம்பியின் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுதீர்ப்பதைக்கூட அவளுக்கு விட்டுவைக்காமல், அவள் படும் பாட்டைத் தன்னால் பார்க்க முடியவில்லை என்பதற்காக அவளுடைய துயரத்தையே பறித்தான். முன்பு அவள் ஜெரமிக்குச் செய்தது அவளுக்கே திரும்பி வந்தது. துயரம் அவளுக்குரியது என்றுதான் நான் சொல்கிறேன். அவளை ஆண்டது என்று சொல்பவர்கள்தான், அதை அணைத்தபின் அவள் ஏன் விடுதலை பெறவில்லை என்பதற்கு விடை சொல்ல வேண்டும். துயரமும் குற்றவுணர்வும் இல்லாத எலெனா சுதந்திரமானவளாகவா இருந்தாள்? ஓர் உணவகப் பணிப்பெண்ணின் கழுத்தை, தன் பேச்சு மெய்யென்று காட்டுவதற்காகவே திருகினாள். அவளிடம் விருப்பம் என்று ஒன்று அப்போதுதான் இல்லாமல் போயிருந்தது. எதிரணியின் கட்சிப்படி அவள் அப்போதல்லவா தன்னிச்சையாக இருந்திருக்க வேண்டும்?

காதலில் அவள் ஊசலாடியதைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. ஸ்டெஃபனா டேமனா என்று உலகமெங்கும் ரசிகர்கள் கட்சி கட்டி மோதியதில், அவள் என்ன சொன்னாள் என்பதைப் பலர் கேட்காமலே விட்டார்கள். அந்தப் பிணைப்பு அறுந்தபின், நான்காம் சீசனின் முடிவில், இந்தத் தேர்வு தவறாகவே முடியலாம், ஆனால் உன்னைக் காதலிப்பதற்காக நான் வருந்தவில்லை என்ற பொருளில் டேமனிடம் சொல்கிறாள். எனக்கு அந்தத் தேர்வு பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்காததாலேயே அது அவளுடையது இல்லை என்று ஆகிவிடாது.

இனி, கடைசியில் வருகிறேன் என்று சொன்ன பாலம்.

2012 மே மாதம் ஒளிபரப்பான மூன்றாம் சீசனின் இறுதிப் பகுதி. மேட் ஓட்டும் வண்டியில் எலெனா ஊரைவிட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறாள். தன்னைச் சேர்ந்த காட்டேரிகள் எல்லாம் சிறிது நேரத்தில் இறந்துவிடுவார்கள் என்று அவளுக்குச் செய்தி வந்திருக்கிறது. டேமன் ஓரிடத்தில், ஸ்டெஃபன் ஓரிடத்தில். ஒருவரிடம் மட்டுமே போய்ச் சேர முடியும். அவள் யோசித்து, டேமனிடம் தொலைபேசியில் விடைபெற்று, மேட்டிடம் வண்டியைத் திருப்பச் சொல்கிறாள். திரும்பும் வழியில் பாலத்தின் நடுவே க்ளௌஸின் தங்கை ரெபெக்கா நிற்கிறாள். மேட் வண்டியை ஒடிக்கிறான். தடுப்பை உடைத்துக்கொண்டு வண்டி ஆற்றுக்குள் போகிறது.

வண்டி மூழ்குகிறது. மேட் மயங்கிக் கிடக்கிறான். ஸ்டெஃபன் நீரைக் கிழித்துக்கொண்டு வந்து அவள் பக்கத்துக் கதவைப் பிடிக்கிறான். எலெனா தலையை ஆட்டி மறுத்து, கையால் மேட்டைக் காட்டுகிறாள். ஸ்டெஃபன் தயங்குகிறான். மறுபடியும் காட்டுகிறாள். மேட்டைத் தூக்கிக்கொண்டு அவன் மேலே போகிறான். திரும்பி வரும்போது நேரம் கடந்துவிட்டது. தன் உடலில் இருக்கும் காட்டேரி இரத்தத்தைப் பற்றி அவளுக்கு அப்போது தெரியாது. செத்தால் செத்ததுதான் என்று அறிந்தே அந்தக் கையை அவள் நீட்டினாள். விலை தெரிந்திருந்தது, வேறு வழி, கதவைப் பிடித்த கையோடு எதிரிலேயே நின்றது.

பெற்றோரைக் கொன்ற அதே பாலத்தில் அவர்களோடு போயிருக்க வேண்டியவள் என்ற குற்றவுணர்வு அவள் கையை நீட்ட வைத்தது என்று எதிரணித் தலைவர் உருக்கமாகச் சொன்னார். ஓர் உண்மையை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். முதல் விபத்தின்போதும் காரை எட்டியவன் இதே ஸ்டெஃபன்தான். எலெனாவின் தந்தை கிரேசனுக்கு அப்போது உணர்வு இருந்தது. ஸ்டெஃபன் தன்னை வெளியே இழுக்க அவர் விடவில்லை. மகளை முதலில் எடு என்று கைகாட்டினார். அவளைக் கரைசேர்த்துவிட்டு வருவதற்குள் மற்ற இருவரும் போய்விட்டார்கள்.

அதே ஆறு, அதே ஸ்டெஃபன், அதே கையசைவு. கிரேசன் எந்த விபத்திலும் யாரையும் சாகக் கொடுத்துவிட்டு வந்தவர் என்று கதை சொல்லவில்லை. அவர் கை நீட்டியதை இந்த அவையில் ஒருவரும் குற்றவுணர்வு என்று சொல்ல மாட்டோம். தகப்பன் எடுத்த முடிவு என்போம். எதிரணியின் அடுத்த பேச்சாளர் மேடைக்கு வரும்போது, மகளின் கைக்கு மட்டும் அந்தப் பெயரை ஏன் மறுக்கிறார் என்று சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.